பொருத்தம் பார்த்தல்

தாழங்குடாவிலிருந்து ஆஸ்பத்திரிக்குப்
பத்துக் கிலோமீற்றர்.
வழியில் மேடென்று சொல்லக்
கல்லடிப் பாலத்தின் முதுகு மட்டும்.
"சப்பட்டை ஊர், உனக்கெதுக்குக் கியர்?" என்றாள்
இரத்த வங்கியில் பக்கத்து மேசை தயாநிதி.
ஸ்கூட்டியில் வருகிறவள்.
காற்று அவளுக்குத் தலைமயிர்ச் சங்கதி.

எனக்கு அதுதான் மேடு.
மார்கழியில் வாடை, போகும்போது முகத்தில்.
ஆனியில் கச்சான், திரும்பும்போது முகத்தில்.
எந்த வரைபடத்திலும் கீறாத ஏற்றம்.

பழைய சைக்கிளுக்கு இது மூன்றாவது செயின்.
கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஓடும் ரோட்டில்
இரும்புக்கு ஆயுசு கட்டை.
ஞாயிறு எண்ணெய் விட்டால்
புதன் துரு,
வெள்ளி கிறீச்சு.
பாலத்தடியில் மீன் பாடுமாம்;
நான் போகிற நேரம் அதற்கு வாய்ப்புக் கிடைத்ததில்லை.
வெள்ளைச் சீருடையின் வலது விளிம்பில்
கிழமைக்கொரு கறுப்புக் கோடு.
தேசிக்காய், சவர்க்காரம், மண்ணெண்ணெய்.
இரத்தம் பச்சைத்தண்ணியில் போய்விடும்.
கிறீஸ் போகாது.
இது என் தொழிலறிவு.

காத்தான்குடியில், நிஹ்மத்தின் கடையில்,
ஜப்பான் சைக்கிள் கொண்டெய்னர் இறங்கிய கிழமை,
கைபிடிகள் பிணைந்து
பட்டி மாடுகளாய் நின்றன அறுபது.
அதில் ஒன்று சாம்பல் நிறம்.
மட்காட்டில் ஏதோ பள்ளிக்கூடத்து ஸ்டிக்கர்,
எனக்கு வாசிக்கத் தெரியாத நான்கு எழுத்து.
செயின் இருக்கவேண்டிய இடத்தில்
பல் வைத்த கறுப்பு பெல்ட்.
தொட்டேன். விரலைப் பார்த்தேன்.
விரல் விரலாகவே இருந்தது.

"அது மில்லு வாரு மாதிரி ஒண்டு புள்ள.
செயின் போட்டத எடுங்க.
கழண்டா மாட்டலாம், அறுந்தா ஒட்டலாம்.
இது அறுந்தா மௌத்துதான்."

அவன் சொன்னதில் பிழையில்லை.
பெல்டுக்கு மூட்டு இல்லை.
மாற்றவேண்டுமானால்
சைக்கிளின் எலும்பைத் திறக்கவேண்டும்.
கொழும்புக்குப் போன் போட்டேன்.
ஒரு கடையில் சிரித்தார்கள்.
மற்றதில், என்ன மொடல் கார் என்றார்கள்.

பின்சில்லு காற்றுப் போனால்?
"கழட்டாமலே ஒட்டித் தாறன்" என்றான், தலையைச் சொறிந்து.

ஓட்டிப் பார்த்தேன்.
கியர் மூன்றும் பின்சில்லின் நடுவே
பால்மாப் பேணியளவு குடத்துக்குள் ஒளிந்திருந்தன.
ஆட்டோ ஒன்று குறுக்கே வர நின்று,
நின்றபடியே கைபிடியைத் திருகி,
பிறகு மிதித்தேன்.
பாரம் தெரியாமல் எழும்பியது.
சத்தமில்லாமல் வந்ததற்கு
ஒரு பெரியவரிடம் ஏச்சும் வாங்கினேன்.
மணி அடிக்கப் பழகவேண்டும்.

செயின் போட்டது இருபத்தெட்டாயிரம்.
இது நாற்பத்தொன்று.
சீட்டு எனக்கு ஐப்பசியில்தான் விழும்.

திரும்பிப் போகத்தான் இருந்தேன்.
கடையின் பின்பக்கம், சாம்பல் நிறத்தில் இன்னொன்று,
வரும் வழியில் நசிந்து,
முன்கவை வளைந்து கிடந்தது.
"அத என்ன செய்வீங்க?"
"இரும்புக்குப் போடுற."

குந்தியிருந்து பல் எண்ணினேன்.
அதில் நூற்றிருபத்திரண்டு.
இதில் நூற்றிருபத்திரண்டு.
மற்றப் பக்கத்திலிருந்து திரும்பவும் எண்ணினேன்.
ஒருதரம் மட்டும் பார்த்தால்
ஆள் செத்துப்போகிற இடத்தில் வேலை எனக்கு.
"கலியாணப் பொருத்தமா பாக்கிறீங்க?"
அகலம் பார்த்தேன்.
வெயிலுக்குப் பிடித்து வெடிப்புப் பார்த்தேன்.
"ரெண்டு பெல்டும் சேர்த்து, நாற்பத்திரண்டு.
பாதி இப்ப, மீதி ஐப்பசி."
அவன் தயாநிதியின் தம்பியோடு படித்தவன்.
ஒத்துக்கொண்டான்.

மடித்தால் உள்நரம்பு முறியுமாம்.
அதனால் வட்டமாகவே
ஆணியில் தொங்குகிறது மற்றது,
பொலித்தீன் பையோடு.
பழக்கத்தில் லேபல் ஒட்டினேன்:
எடுத்த திகதி. பல் 122.
கொடுத்தவர், நசிந்த சாம்பல்.
காலாவதித் திகதி என்ற இடத்தில்
பேனை கொஞ்சம் நின்றது.

அப்படியே விட்டுவிட்டு வேலைக்கு இறங்கினேன்.
அன்றைக்கு வாடை.
முதலாம் கியர்.